மஞ்சுமுடியில் செல்ஃபி எடுக்காத ஒருவர்

எட்மண்ட் எனக்காகக் கடைசியாகச் செய்த காரியம், என் ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்து கொடுத்தது. அந்த மூடி எனக்கு என்றுமே திறந்ததில்லை. நான் கேட்பதற்கு முன்பே வாங்கித் திறந்து, ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை தூக்கலா இருக்கு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சர்க்கரையைக் குறைத்ததில்லை.

பிறகு எல்லோருடைய பைகளையும் வாங்கித் தோளிலும் கையிலும் மாட்டிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். யாராவது போட்டோ எடுக்கப் போகிறார்கள் என்றால் அவர் அப்படித்தான். எங்கள் கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படங்களில் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

சேலையூரில் எங்கள் சபையின் மூத்தோர் ஐக்கியம் வருடாவருடம் ஒரு சுற்றுலா போகும். அந்த வருடம் மஞ்சுமுடி தேசியப் பூங்கா. மலை முழுவதும் சோலைக்காடு. காலையில் கருமந்திகள் கூட்டமாக வந்து எங்கள் பேருந்தைப் பார்த்துவிட்டு, விசேஷம் ஒன்றுமில்லை என்று போய்விட்டன. இருவாச்சி ஒன்று தலைக்கு மேல் பறந்தபோது யாரோ கனமான போர்வையை உதறுவது போலச் சத்தம் கேட்டது. எட்மண்ட் அண்ணாந்து பார்த்தபடி நின்றவர், அது மறைந்த பிறகும் வெகுநேரம் அப்படியே நின்றார்.

காட்டுப் பாதை முடிகிற இடத்தில் பூங்கா ஆணையமே ஒரு செல்ஃபி பாயிண்ட் அமைத்திருந்தது. ஆள் உயரத்துக்கு 'ஐ லவ் மஞ்சுமுடி' என்ற எழுத்துகள், நடுவில் ஒரு சிவப்பு இதயம். பின்னால் பெரிய தகரப் பலகை. அதில் யானைக் குடும்பம் ஒன்று சிரிக்கிற மாதிரி வரைந்திருந்தார்கள். படத்து யானைக்குப் பின்னால், குட்டியோடு ஒரு நிஜ யானை நின்றிருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆணையம் அனுப்பிய வழிகாட்டிக்கும் தெரியாது. அவர்தான் எங்களை நெருக்கி நிற்கச் சொன்னவர்.

ஐக்கியத்தின் செயலாளர் தனசிங், நீளக் குச்சியில் போனை மாட்டிப் பிடித்தார். எங்கள் ஐக்கியத்தில் படம் எடுக்கும்போது எல்லோரும் சேர்ந்து 'அல்லேலூயா' சொல்வது வழக்கம். அதைச் சொன்னால் வாய் தானாக விரியும், பல்செட் வைத்தவர்களுக்கும் சிரிப்பு நன்றாக விழும் என்பது தனசிங்கின் கண்டுபிடிப்பு. "இன்னும் சத்தமா! பரலோகத்துக்குக் கேக்கட்டும்!" என்றார். நானும் சத்தமாகச் சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார், சொன்னோம். பலகை எங்கள் பக்கமாகச் சாய்ந்தது. நாங்கள் ஓடினோம். அத்தனை பைகளோடு நின்றவரால் ஓட முடியவில்லை.

அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. எழுத முடிவது அதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

உடலோடு நாங்கள் தாம்பரம் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. 'செல்ஃபி மோகம்: யானை மிதித்து முதியவர் பலி.' ஆணையத்தின் பத்திரிகைக் குறிப்பு எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி வந்திருந்தது. எச்சரிக்கையை மீறி யானையின் அருகில் சென்று, தன் கைப்பேசியில் செல்ஃபி எடுக்க முயன்றாராம்.

எட்மண்டிடம் இருந்தது பட்டன் போன். அதில் கேமரா கிடையாது. டார்ச் உண்டு. மின்சாரம் போகும்போதெல்லாம் அதைப் பெருமையோடு எடுத்து நீட்டுவார்.

இறுதி ஆராதனையில் போதகர் மனிதனின் ஆயுள் புல்லைப் போன்றது என்பதைச் சொல்லிவிட்டு, தன்னைத் தானே படம் பிடிக்கும் இந்தக் காலத்து மோகத்தைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சேர்த்துக்கொண்டார். மாலை வைக்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல அவருக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார்கள். கேம்ப் ரோடு மருந்துக் கடையில் ஒரு பையன், "நீங்க அந்த செல்ஃபி சார் வீட்டம்மாதானே?" என்று கேட்டுவிட்டு, மரியாதையாக ஒரு நாற்காலியும் எடுத்துப் போட்டான்.

மகள் ஹெப்சி மஸ்கட்டிலிருந்து வந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள். போன பிறகு ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அம்மா, கோவப்படாத. அப்பா நமக்குத் தெரியாம வேற போன் ஏதாவது வாங்கி வச்சிருந்தாரா?"

"இல்லை" என்றேன்.

"இல்ல, சும்மா கேட்டேன். பேப்பர்காரன் எப்படிம்மா சும்மா போடுவான்?"

அவள் வைத்ததும் நான் அவருடைய அலமாரியைத் திறந்தேன். பந்தாகச் சுற்றிய ரப்பர் பேண்டுகள், காது உடைந்த மூக்குக் கண்ணாடி, ஒரு கேரம் ஸ்டிரைக்கர். போன் இல்லை. இருக்காது என்று தெரிந்தும் மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். அச்சில் வந்த ஒரு வாக்கியம் அப்படித்தான் என் வீட்டுக்குள் குடியேறியது.

ஆணையத்துக்கு எழுதினேன். நான் கேட்டது ஒன்றுதான். அவர் செல்ஃபி எடுக்கவில்லை என்று அதே பத்திரிகைகளுக்குச் சொல்லுங்கள். பதிலுக்கு ரேஞ்சர் சவுரிமுத்து நேரில் வந்தார். சோபாவில் உட்கார்ந்ததும் வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். அது டிவிக்கு மேல் போய் நின்றது.

"அது தந்தமா மேடம்?"

"பிளாஸ்டிக். சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு வாங்கியது. நோவாவின் பேழை யானை."

எழுந்து போய் அந்தக் குட்டி யானையை விரலால் தட்டிப் பார்த்தார். திருப்தியில்லாமல் வந்து உட்கார்ந்தார்.

"உங்க வருத்தம் புரியுது மேடம். ஆனா சாருக்கு நான் நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

"எப்படி?"

"எங்க பூங்காவுல மனுஷன் மூணு விதமாத்தான் சாக முடியும். ஒண்ணு, குடிச்சிட்டு வரணும். இல்ல, மரம் வெட்டவோ வேட்டைக்கோ வரணும். அதுவும் இல்லன்னா செல்ஃபி. சார் சபைக்காரர்னு சொன்னாங்க, குடின்னு போட எனக்கு மனசு வரல. வேட்டைன்னா உங்களையும் சேத்து விசாரிக்கணும். செல்ஃபின்னா கவுரவம் மேடம். டாக்டர், இன்ஜினியர் எல்லாம் அதுலதான் போறாங்க."

"சும்மா நின்றுகொண்டிருந்தவர் சாகக் கூடாதா?"

அவர் அதை உண்மையாகவே யோசித்தார். "சும்மா நின்னவர் செத்தா அது விபத்து ஆயிடும். எங்களுது விபத்தில்லாப் பூங்கா மேடம். விடாம விருது வாங்கிட்டு வர்றோம். இப்பப் போய் ஒரு விபத்தை எங்க கொண்டு வைக்கறது?"

பிறகு விசாரணை ஆரம்பித்தது.

"சாருக்கு யானையோட ஏதாவது முன்விரோதம்?"

"இல்லை."

"யானைக்கு சாரோட?"

"அவர்கள் அதற்கு முன் சந்தித்ததில்லை."

சவுரிமுத்து தலையசைத்தார். இந்தப் பதிலில் ஏதோ இருக்கிறது என்ற முகம்.

"அவருடைய போன் உங்களிடம்தானே இருக்கிறது? எடுத்துப் பாருங்கள். அதில் கேமராவே இல்லை" என்றேன்.

"அது ஆதாரம் மேடம். சீல் வச்சாச்சு. விசாரணை முடியற வரைக்கும் பிரிக்க முடியாது."

"விசாரணை எப்போது முடியும்?"

"முடிஞ்சிடுச்சே. செல்ஃபின்னு."

"அப்போது பிரிக்கலாமே?"

"முடிஞ்ச கேஸ்ல ஆதாரத்தைப் பிரிச்சா கேஸே மறுபடி பிரிஞ்சிடும் மேடம். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாதா?"

நான் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவள். படித்தவைதான் அதிகம். ஆனால் இதை எங்கும் படித்ததில்லை.

அடுத்து வந்தது தனசிங். ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். தொலைபேசித் துறையில் இருந்தவர், பேச்சைத் தொலைவிலிருந்துதான் ஆரம்பிப்பார். மழை, மெட்ரோ வேலை, ஹெப்சியின் வேலை எல்லாம் முடிந்த பிறகு, "ஆணையத்துக்கு எழுதியிருக்கீங்களாமே அக்கா" என்றார்.

"ஆமாம் தம்பி."

"விட்டுடுங்களேன்."

"அவர் எடுக்கவில்லையே."

"எடுக்கலன்னு ஆயிட்டா அடுத்த கேள்வி என்ன வரும்? அப்ப யானை ஏன் வந்துச்சுன்னு வரும். நாம சத்தம் போட்டோம்னு வரும். என்ன சத்தம்னு வரும். நாளைக்கு டிவில 'அல்லேலூயாவால் மிரண்ட யானை'ன்னு ஓடும். சபை பேரு என்ன ஆகும்? ஒருத்தர் செல்ஃபியோட முடிஞ்சிடுச்சுக்கா. அண்ணன் உயிரோட இருந்தா அவரே சரின்னுதான் சொல்லியிருப்பாரு."

"செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் சரி என்பாரா?"

"இப்ப செல்ஃபி எடுத்தா என்ன, பாவமா? பத்துக் கட்டளையில இருக்கா?"

"பொய்ச்சாட்சி இருக்கிறது தம்பி."

அவர் காபி டம்ளரைப் பார்த்தார். "இந்த பிஸ்கட் புதுசா வந்திருக்கா?" என்றார். வாசல்வரை போனவர் செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டே, பெரிதாக ஒன்றும் இல்லாதது போலக் கேட்டார்.

"அந்த குரூப் போட்டோ உங்ககிட்ட இருக்காக்கா?"

"இருக்கிறது."

அன்று சாயங்காலமே ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அந்தப் படம் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்து இருக்கையில் ஆள் உட்காருவது குறைந்தது. உட்கார்ந்தவர்களும் என்னிடம் எதையாவது சொன்னால் நான் அதை ஆணையத்தில் போய்ச் சொல்லிவிடுவேனோ என்பது போல, வெயிலைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

ஆணையம் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டது. மஞ்சுமுடி மேற்கே மலையில் இருக்கிறது. அதன் தலைமை அலுவலகம் பொழிச்சலூரில், ஒரு கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. அதிகாரிகள் காட்டுக்குப் போவதைவிடக் காட்டைப் பற்றிப் பேச வெளியூர் போவது அதிகம் என்பதால், விமான நிலையம் பக்கத்தில் இருப்பது வசதியாம்.

ஷாகுலின் ஆட்டோவில் போனேன். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருகிறவர். எட்மண்டைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற பழக்கத்தில் எங்களுக்கு வேண்டியவர்.

"யானை ஆபீஸ் இங்க இன்னாக்கா பண்ணுது? இங்க நாய்தான் கீது" என்றார்.

மாடியில் விசாரணை அறைக்குள் ஒரு ஃபைபர் புலி நின்றிருந்தது. அதன் கழுத்தில் 'அமைதி காக்கவும், இது வனவிலங்குகளின் இல்லம்' என்று ஓர் அட்டை. அதைப் படித்து முடிப்பதற்குள் தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. புலியும் கொஞ்சம் அதிர்ந்தது.

இயக்குநர் ஏகநாதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பச்சை சஃபாரி உடை, சட்டையில் இலை வடிவ பேட்ஜ். ஒரு பக்கம் சவுரிமுத்து. இன்னொரு பக்கம், ஐக்கியத்தின் சார்பில் சாட்சியாக, தனசிங். ஏகநாதன் முதலில் ஓர் உரை நிகழ்த்தினார்.

"அம்மா, நான் காட்டை நேசிக்கிறவன். காட்டை உண்மையா நேசிக்கிறவன் அதுக்குள்ள அடிக்கடி போகக் கூடாது. அதனால நான் போறதே இல்ல. எங்க ஊழியர்களையும் முடிஞ்ச வரைக்கும் போக விடறதில்ல. காட்டுக்கு முதல் எதிரி மனுஷன். ரெண்டாவது எதிரியும் மனுஷன்தான். அதனாலதான் நாங்க வர்றவங்களையெல்லாம் ஒரே இடத்துல, அந்த செல்ஃபி பாயிண்ட்ல, கட்டுப்பாடா நிறுத்தறோம். உங்க கணவர் அந்தக் கட்டுப்பாட்டை விட்டு ஓரமாப் போயிருக்கார். ஏன்?"

"பைகளை வைத்துக்கொண்டு நிற்க."

"அது உங்க தரப்பு. இயற்கை நீதின்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு தரப்பையும் கேக்கணும். யானையும் ஒரு தரப்பு. அதுக்குப் பேச வாயில்லைங்கிறதுக்காக நாம அநீதி பண்ண முடியாது." சுற்றிலும் பார்த்தார். "யானைக்கு ஒரு ஆள் வேணும்."

அந்த நேரத்தில்தான் ஷாகுல், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்க மாடி ஏறி வந்தார்.

"நீங்க யாரு?"

"ஆட்டோ சார்."

"சும்மாதானே இருக்கீங்க? அந்த ஓரமா நில்லுங்க. நீங்கதான் யானை."

"இன்னா சார், காலையிலேர்ந்து டீயே குடிக்கல, யானைன்றீங்க?"

ஷாகுல் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். புலிக்குப் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சவுரிமுத்து எழுந்து, யானையின் சார்பில் படிக்க ஆரம்பித்தார்.

"நான் என் வாழ்விடத்தில் அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தேன். அப்போது ஒரு முதியவர் கையில் கைப்பேசியுடன் என்னை நெருங்கி, என் அனுமதியின்றி..."

"சார், நான் அப்பிடி சொல்லவேயில்ல" என்றார் ஷாகுல்.

"யானை குறுக்கிடக் கூடாது" என்றார் ஏகநாதன்.

"யானையே நான்தானே சார்? எனக்குத் தெரியாம இவரு எப்பிடி சொல்லுவாரு?"

"சரி, அப்ப நீயே சொல்லு. ஏன் வந்த?"

ஷாகுல் என் பக்கம் திரும்பினார். "குட்டி இருந்துச்சாக்கா?"

"இருந்தது."

"அப்பறம் இன்னா சார்? குட்டிய வச்சிகினு நிக்கசொல்லோ எவனாவது பக்கத்துல வந்து கத்துனா எந்தத் தாய் சும்மா இருப்பா? எம் பொண்ணு ரூக்சார் கைக்குழந்தையா இருக்கசொல்லோ பக்கத்து பிளாக்குல ஒருத்தன் ஸ்பீக்கர் போட்டான். எங்க வூட்டுக்காரி போய் இன்னா பண்ணான்னு பெரும்பாக்கத்துல வந்து கேட்டுப் பாருங்க."

"கத்தினாங்களா?" ஏகநாதன் நிமிர்ந்தார். "யார் கத்தினது?"

தனசிங் அந்த ஃபைபர் புலியை, அதைப் பார்க்கவே பொழிச்சலூர் வந்தவர் போல, உற்றுப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள். அவருடைய அம்மா இறந்தபோது சவப்பெட்டிக்கு அளவெடுக்கப் போனது எட்மண்ட்.

"நாங்கள்தான். படத்துக்காக எல்லோரும் சேர்ந்து அல்லேலூயா என்று கத்தினோம்" என்றேன்.

ஒரு விமானம் கடந்து போனது. யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னேன். என் போனில் இருந்த குழுப் படத்தையும் காட்டினேன்.

ஏகநாதன் அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "இதுல உங்க கணவர் எங்கே?"

"இல்லை. அதற்காகத்தான் காட்டுகிறேன். படம் எடுத்தது நாங்கள். அவர் இல்லை."

"எல்லாரும் இருக்கற படத்துல அவர் மட்டும் இல்ல." சவுரிமுத்துவைப் பார்த்தார். "கூட்டத்தோட எடுத்துக்கப் பிடிக்காதவர் தனியா எதுக்குப் போவார்?"

"தனியா எடுக்கத்தான் சார்" என்றார் சவுரிமுத்து.

"பாருங்கம்மா. நீங்க கொண்டுவந்த ஆதாரமே சொல்லுது."

"அப்படியென்றால் நாங்கள் கத்தியது?"

ஏகநாதன் குரலைத் தாழ்த்தினார். அந்த அறையில் அவர் மெதுவாகப் பேசியது அப்போது மட்டும்தான். "அந்த வார்த்தையை நாங்க பதிவு பண்ண முடியாதும்மா. மதப் பிரச்சினை ஆயிடும். இன்னிக்கு உங்க வார்த்தையால யானை வந்துச்சுன்னு எழுதினா, நாளைக்கு வேற சாமி பேரைச் சொன்னா வராதான்னு கேப்பாங்க. பதில் சொல்ல முடியுமா? செல்ஃபி அப்படியில்ல. செல்ஃபி எல்லா மதத்துக்கும் பொது."

"ஸ்தோத்திரம்" என்றார் தனசிங். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

முடிவு அங்கேயே அறிவிக்கப்பட்டது. யானை தற்காப்புக்காக நடந்துகொண்டது. அது மன்னிக்கப்படுகிறது.

"தேங்க்ஸ் சார்" என்றார் ஷாகுல்.

திரும்பும்போது ஷாகுல் பம்மல் வழியாக வண்டியை விட்டார். சிக்னலில் நின்றபோது கண்ணாடியில் என்னைப் பார்த்து, "சாரு வண்டில ஏறுனா ஒரு போன் கூட பேச மாட்டாருக்கா. கண்ணுல மருந்து ஊத்திகினு வரசொல்லோ கூட வெளியவே பார்த்துகினு வருவாரு" என்றார். பிறகு, "பேஜார் புடிச்ச பசங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பொய் சொல்கிறவர்கள் சில சமயம் களைத்துப் போய் விட்டுவிடுவார்கள். ஆணையம் களைக்கவில்லை. ஏகநாதன் ஒருநாள் அவரே போன் செய்தார்.

"அம்மா, உங்க கணவரோட தியாகத்தை நாங்க வீணாக்க மாட்டோம்."

"அவர் எதையும் தியாகம் செய்யவில்லை. பைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்."

"அந்த அடக்கம்தான்மா உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது. ஒரு விழிப்புணர்வுப் பலகை வைக்கறோம். எங்க ஆலோசகர் நிகில் வருவார். குடும்பத்தோட கருத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் செய்யணும்னு சொல்லியிருக்கேன். மனிதாபிமானம் முக்கியம்."

நிகில் மடிக்கணினியோடு வந்தான். நல்ல பையன். செருப்பை வெளியில் விட்டுவிட்டு, எட்மண்டின் நாற்காலியில் உட்காரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். பலகை அந்த செல்ஃபி பாயிண்டிலேயே வைக்கப்படும் என்றான்.

"ஏன் அங்கேயே?"

"அங்கதான் ஆன்ட்டி கூட்டம்."

"அந்த செல்ஃபி பாயிண்டையே எடுத்துவிடலாமே?"

"ஐயோ, மஞ்சுமுடியிலேயே அதுதான் ஹிட் ஸ்பாட் ஆன்ட்டி."

திரையைத் திருப்பிக் காட்டினான். அடையாள அட்டையில் இருந்த முகத்தை வைத்துக் கணினியே போட்ட படமாம். பூப்போட்ட சட்டையில் எட்மண்ட் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, பெரிய போன் ஒன்றை உயர்த்திப் பிடித்திருந்தார். பின்னால் நீளமான தந்தங்களோடு ஒரு யானை. கீழே: 'இவர் எடுத்தார். நீங்கள் எடுக்காதீர்கள்.'

வாழ்நாள் முழுவதும் படத்துக்கு முகம் கொடுக்காதவரின் முதல் செல்ஃபி. அதை ஆணையம் எடுத்திருந்தது.

"எனக்குச் சம்மதமில்லை" என்றேன்.

"சம்மதம் கேக்கல ஆன்ட்டி, திருத்தம்தான் கேக்கச் சொன்னாங்க." அவனுக்கே அது சங்கடமாக இருந்தது. "சட்டை, கலர், அந்த மாதிரி. நீங்க சொல்லலன்னா இப்படியே போயிடும்."

இப்படியே போகக் கூடாது என்றுதான் ஆரம்பித்தேன். "அவர் பூப்போட்ட சட்டை போட மாட்டார். வெள்ளையில் மெல்லிய கோடு." தட்டினான். சட்டை மாறியது. "மீசையை ஒட்ட வெட்டியிருப்பார்." மாறியது. "பல் தெரியச் சிரிக்க மாட்டார்." வாயை மூடினான். "அது பெண் யானை. தந்தம் கிடையாது."

"தந்தம் இல்லன்னா யானை மாதிரியே தெரியாது ஆன்ட்டி."

"போனை எடுத்துவிடு."

"அது மட்டும் முடியாது ஆன்ட்டி. கான்செப்டே அதுதான்."

"கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். மூக்கு நுனிக்கு."

கண்ணாடி இறங்கியது. என் கை தானாகத் திரையின் பக்கம் போயிற்று. அவரேதான். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, சர்க்கரை தூக்கலா இருக்கு என்று சொல்லப் போகிற அவரேதான். நிகில் அதை ஹெப்சிக்கும் அனுப்பிவிட்டான். உடனே கூப்பிட்டாள். அழுதுகொண்டே, "அப்பா அப்படியே இருக்காரும்மா. இதை நான் வச்சுக்கறேன்" என்றாள்.

அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது. முதலில் இருந்த படத்தை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நான் சொன்ன ஒவ்வொரு திருத்தமும் அந்தப் பொய்யை எட்மண்டுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. போன் வைத்திருந்தாரா என்று சந்தேகப்பட்ட மகள், இனிமேல் சந்தேகப்படக்கூட மாட்டாள்.

"வேற ஏதாவது இருக்கா ஆன்ட்டி?"

நான் படத்தை மறுபடியும் மேலிருந்து கீழே பார்த்தேன். ஒன்று இருந்தது.

"இல்லை" என்றேன். "போதும்."

பலகை வைத்தாகிவிட்டது. மூத்தோர் ஐக்கியம் இந்த வருடமும் மஞ்சுமுடிக்குத்தான் போனது. நான் போகவில்லை. திரும்பி வந்ததும் தனசிங் பலகைக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். "அண்ணன் உயிரோட நிக்கற மாதிரியே இருக்குக்கா. ஒரு குறை சொல்ல முடியாது" என்றார். அவர் எட்மண்டோடு கால் நூற்றாண்டு கேரம் ஆடியவர்.

நான் வாங்கிப் பார்த்தேன். போன் வலது கையில் இருக்கிறது.

எட்மண்ட் இடது கைக்காரர்.